குண்டு விழும் ஊரில் ஜெபமாலை

போர்க்காலத்தில் ஜெபமாலையைக் கையில் எடுப்பவர்கள் எதைக் கேட்கிறார்கள்? வெற்றியையா, அமைதியையா, நீதியையா? மடு, நாகசாகி, வியன்னா, காஸா... நான்கு ஊர்களின் கதை.

2008 ஏப்ரல் 3. வட இலங்கையில் மடுக் காட்டைச் சுற்றிப் பல நாள்களாக ஷெல் விழுந்துகொண்டிருக்கிறது. ராணுவம் நெருங்கி வருகிறது. விடுதலைப் புலிகள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கோயில் வளாகத்தில் தங்கியிருந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஏற்கெனவே வடக்கே கிளம்பிவிட்டன. மிஞ்சியவர்கள் சில குருக்களும் பணியாளர்களும்தான். பீடத்திலிருந்து மாதா சொரூபத்தை இறக்கி, வண்டியில் ஏற்றி, மன்னார்க் கரையோரத்துத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள்.

ஊரே அடைக்கலம் தேடி மடு மாதாவிடம் ஓடிவருவதுதான் வழக்கம். அன்றைக்கு மாதாவே அடைக்கலம் தேடிப் போக வேண்டியதாயிற்று.

அந்தச் சொரூபத்துக்கு இது புதிதல்ல. டச்சுக்காரர்களின் கெடுபிடிக்குப் பயந்து, 1670ல் மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் புகுந்ததில்தான் மடுவின் வரலாறே தொடங்குகிறது. அந்தத் திருத்தலத்து அன்னைக்குப் பெயர் ஜெபமாலை மாதா. ஆகஸ்ட் 15 திருவிழாவில் தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி ஜெபமாலை ஒலிக்கும். போர் மூண்ட பிறகும் இந்த வழக்கம் அடியோடு அறுந்துபோகவில்லை. மன்னாரில் ஒரு தாய், பிள்ளை உயிரோடு திரும்ப வேண்டுமென்று மணிகளை உருட்டினாள். நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் சிப்பாய்களைப் பெற்ற தாய்மார் அதே மாதாவிடம் அதையேதான் கேட்டார்கள்.

1990ல் சண்டை மீண்டும் வெடித்தபோது மன்னார்க் கரையிலிருந்து ஒரு கூட்டம் வள்ளம் ஏறி ராமேஸ்வரம் வந்தது. இன்னொரு கூட்டம் மடுவுக்கு ஓடியது. ஐ.நா. அகதிகள் முகமை அங்கே நிவாரண மையம் திறந்தது. மாதா கோயில் வளாகத்தில் யாரும் சுட மாட்டார்கள் என்ற நம்பிக்கை. 1999 நவம்பர் 20 இரவு அந்த நம்பிக்கையின் மேலேயே ஷெல் விழுந்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. ராணுவம் புலிகளைக் கைகாட்டியது, புலிகள் ராணுவத்தைக் கைகாட்டினார்கள்.

ஒன்பது ஆண்டு கழித்து, வண்டியில் ஏறிப்போன சொரூபத்துக்கும் அரசியல் பூசப்பட்டது. எடுத்தது யார், எடுக்கச் சொன்னது யார் என்று கொழும்பில் சர்ச்சை கிளம்பியது. முடிவு எங்களுடையது என்று மன்னார் மறைமாவட்டம் விளக்கம் கொடுத்தது. ஏப்ரல் கடைசியில் மடு ராணுவத்தின் கைக்கு வந்தது. ஆகஸ்டில் சொரூபம் திரும்பி வந்தது. வன்னி மக்கள் திரும்பவில்லை. அவர்கள் எதிர்த் திசையில், போரின் கடைசிக் களமான முள்ளிவாய்க்கால் இருக்கும் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

2025 அக்டோபரில்...

அக்டோபர், கத்தோலிக்கர்களுக்கு ஜெபமாலை மாதம். தமிழ்நாட்டுப் பங்குகளில் அன்பியம் (அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) அன்பியமாக, வீடு வீடாக மாதா சொரூபம் போகும். கூடத்தில் பாய் விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பாட்டி ஒரு பத்து, பேரன் ஒரு பத்து என்று சொல்லி முடித்து, சுண்டலோ பிஸ்கட்டோ கொடுத்துக் கலைவார்கள். ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் கேட்கப்படும் கேள்வி, "இன்னைக்கு என்ன கருத்துக்காக?"

2025 அக்டோபருக்கான கருத்தை உரோமையே கொடுத்தது. செப்டம்பர் 24 அன்று திருத்தந்தை 14ஆம் லியோ, மாதம் முழுக்க நாள்தோறும் அமைதிக்காக ஜெபமாலை சொல்லும்படி உலகத்தைக் கேட்டுக்கொண்டார். அக்டோபர் 11 மாலை புனித பேதுரு சதுக்கத்தில் அவரே முன்னின்று ஜெபமாலை சொன்னார். பாத்திமாவிலிருந்து மூலச் சொரூபத்தையே வரவழைத்திருந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்ட் 22 அன்று உபவாசமிருந்து ஜெபிக்கச் சொன்னபோது இன்னும் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார். அமைதியோடு நீதியும் கேளுங்கள் என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் விவகாரம் இருக்கிறது. அமைதி வேண்டும் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள், ஜெயித்தவரும் தலையாட்டுவார். நீதி என்றதும் முகங்கள் மாறும். யார் சுட்டது, யார் பொறுப்பு, செத்தவர் எத்தனை பேர் என்று கணக்கு கேட்க வேண்டிவரும்.

காஸா நகரின் திருக்குடும்ப ஆலயத்தைப் பாருங்கள். 2023 அக்டோபரிலிருந்து அதன் சுவர்களுக்குள் சுமார் 500 பேர் முடங்கிக் கிடந்தார்கள். நாள்தோறும் திருப்பலி, நாள்தோறும் ஜெபமாலை. இரவானால் உரோமையிலிருந்து தொலைபேசி வரும். பேசுபவர் திருத்தந்தை பிரான்சிஸ். சாப்பிட்டீர்களா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பார். 2025 ஏப்ரலில் இறப்பதற்கு இரண்டு நாள் முன்புவரை இது நடந்தது. 2023 டிசம்பரில் அதே வளாகத்தில் ஒரு தாயும் மகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2025 ஜூலை 17 அன்று ஆலயத்தின் மேலேயே குண்டு விழுந்து மூவர் இறந்தனர். பங்குத் தந்தை கபிரியேல் ரொமனெல்லி காயமடைந்தார். குறி தவறிவிட்டது என்றது இஸ்ரேல். ஆகஸ்டில் நகரத்தைக் காலி செய்யச் சொன்னபோது, முதியோரையும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளையும் விட்டுவிட்டு எங்கே போவது என்று குருக்களும் கன்னியரும் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இப்படி ஒரு கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து 'அமைதிக்காக' என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியுமா?

■ பெட்டிச் செய்தி: மணிக் கணக்கு ■

ஐந்து பத்துகள், தொடக்கத்தில் மூன்று. ஆக, ஒரு சுற்றுக்கு 53 முறை 'அருள்நிறை மரியே'. அதனால்தான் நம் ஊரில் 53 மணி ஜெபமாலை என்கிறார்கள்.

மகிழ்ச்சி, துயரம், மகிமை என்று மூன்று வகை மறையுண்மைகள்தான் நெடுங்காலம் இருந்தன. நான்காவதாக ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்தவர் இரண்டாம் ஜான் பால். ஆண்டு 2002. நியூயார்க் கோபுரங்கள் விழுந்து ஓராண்டு. ஈராக் போருக்கு முரசு கொட்டிக்கொண்டிருந்த நேரம். அந்தத் திருமடலிலேயே இது இயல்பில் அமைதிக்கான ஜெபம் என்று அவர் எழுதினார். அடுத்த மார்ச்சில் போர் தொடங்கியது.

மாதா பிரார்த்தனையில் 'சமாதானத்தின் இராக்கினி' என்ற அழைப்பைச் சேர்த்தவர் 15ஆம் பெனடிக்ட். நாள்: 1917 மே 5, முதல் உலகப்போரின் நடுவில்.

வெற்றி கேட்ட காலம்

உண்மையைச் சொன்னால், போரோடு ஜெபமாலைக்கு இருந்த முதல் பெரிய உறவு அமைதிக்கானது அல்ல. 1571 அக்டோபர் 7 அன்று கிரேக்கக் கடலில் லெபாந்தோ அருகே ஐரோப்பியக் கூட்டணிக் கடற்படையும் ஒட்டோமான் கடற்படையும் மோதின. திருத்தந்தை ஐந்தாம் பயஸ், கிறிஸ்தவக் கப்பல்களின் வெற்றிக்காக ஜெபமாலை சொல்லச் சொன்னார். வெற்றி கிடைத்தது. நன்றியாக 'வெற்றி மாதா' திருநாள் பிறந்தது. இரண்டு ஆண்டில் அதற்கு ஜெபமாலை மாதா திருநாள் என்று பெயர் மாறியது. நாம் இன்றும் அக்டோபர் 7ல் கொண்டாடுவது அதைத்தான். இரு தரப்புக் கப்பல்களிலும் துடுப்பு வலித்தவர்களில் பலர் சங்கிலியில் கிடந்த அடிமைகளும் கைதிகளும். அவர்கள் யாருடைய வெற்றிக்காக ஜெபித்திருப்பார்கள் என்று எந்த ஓவியரும் வரைந்து வைக்கவில்லை.

நிலைமை மாறியது 1917ல். முதல் உலகப்போரில் இரு பக்கமும் கத்தோலிக்கர்கள். ஜெர்மன் குழியிலும் பிரெஞ்சுக் குழியிலும் ஒரே ஜெபம். யாருக்கு வெற்றி கேட்பது? 15ஆம் பெனடிக்ட் வெற்றியை விட்டுவிட்டு அமைதியைக் கேட்டார். மே 5ல் அவர் அதற்காக மடல் எழுதி எட்டாம் நாள், ஏற்கெனவே போரில் இறங்கியிருந்த போர்ச்சுகலில், பாத்திமாவில் ஆடு மேய்த்த மூன்று சிறுவர்கள் மாதாவைக் கண்டதாகச் சொன்னார்கள். போர் முடிய நாள்தோறும் ஜெபமாலை சொல்லுங்கள் என்பதுதான் அவர்கள் கொண்டுவந்த செய்தி. ஆகஸ்டில் பெனடிக்ட் அனுப்பிய சமாதானத் திட்டம் எடுபடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அவரை ஜெர்மன்காரரின் ஆள் என்றார்கள். ஜெர்மன்காரர்கள் பிரெஞ்சுக்காரரின் ஆள் என்றார்கள். நடுநிலையாளருக்கு இரு பக்க மாலையும் செருப்பு மாலைதான்.

நாகசாகி: சாம்பலில் கிடைத்த மணிகள்

அமைதிக்கான ஜெபம் நீதியின் வாயை அடைத்துவிடுமா என்ற கேள்விக்கு நாகசாகியைப் போல ஓர் ஊர் கிடையாது.

உராகாமி, நாகசாகியின் வடக்குப் பகுதி. 250 ஆண்டு மறைந்து வாழ்ந்து விசுவாசத்தைக் காத்த கிறிஸ்தவர்களின் பூமி. வேதத்தை மறுதலிக்கிறோம் என்று காட்ட, திருவுருவங்களை மிதிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்திய ஊர்த்தலைவர் வீட்டு மனையை வாங்கி, அதன் மேலேயே பேராலயம் எழுப்பினார்கள். 1945 ஆகஸ்ட் 9, காலை 11 மணி 2 நிமிடம். அமெரிக்க அணுகுண்டு அந்தப் பேராலயத்துக்கு அருகில் வெடித்தது. ஆகஸ்ட் 15 திருநாளுக்காகப் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த குருக்களும் மக்களும் அப்படியே மடிந்தார்கள். உராகாமியில் இருந்த சுமார் 12,000 கத்தோலிக்கர்களில் ஏறத்தாழ 8,500 பேர் இறந்தார்கள்.

மருத்துவக் கல்லூரியில் கதிரியக்க மருத்துவராக இருந்தவர் தகாஷி நாகாய். எக்ஸ்ரே வேலையால் அவருக்கு அதற்கு முன்பே ரத்தப் புற்றுநோய் வந்திருந்தது. காயத்தோடு நோயாளிகளைக் கவனித்துவிட்டு அவர் வீட்டுப் பக்கம் போனபோது வீடு இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது. சமையலறை இருந்த மூலையில் மனைவி மிதோரியின் கருகிய எலும்புகள். அருகே, உருகிய ஜெபமாலை. எலும்புகளை ஒரு வாளியில் பொறுக்கிக்கொண்டு கல்லறைக்கு நடந்தார்.

அதே ஆண்டு நவம்பர் 23ல், இடிந்த பேராலயத்தின் முன் இறந்தோருக்கான திருப்பலி நடந்தது. நாகாய் பேசினார். போர் என்ற பாவத்துக்குப் பரிகாரமாக, மாசற்ற ஆட்டுக்குட்டியாக உராகாமியைக் கடவுள் தேர்ந்துகொண்டார், நன்றி சொல்வோம் என்பது அந்தப் பேச்சின் சாரம். இதைக் கேட்டால் இன்றைய வாசகருக்குத் தூக்கிவாரிப் போடும். ஆனால் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் வேறொன்றையும் காதில் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்நிய மதத்தைப் பிடித்ததற்குக் கிடைத்த தெய்வ தண்டனை என்று அக்கம்பக்கத்தார் ஏசியிருந்தார்கள். உங்கள் பிள்ளைகள் தண்டிக்கப்படவில்லை, பலியாகக் கொடுக்கப்பட்டார்கள் என்று சொன்ன மனிதரை அவர்கள் கண்ணீரோடு பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஆறுதல் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை பிற்பாடுதான் தெரிந்தது.

கடவுளே கேட்ட பலி என்றால், குண்டைப் போட்டவரிடம் யார் கேள்வி கேட்பது? தோற்றுக்கொண்டிருந்த போரை இழுத்துக்கொண்டே போன டோக்கியோவிடம் யார் கேட்பது? ஜப்பானிய அறிஞர்களே பின்னாளில் இந்த விமர்சனத்தை முன்வைத்தார்கள். ஹிரோஷிமா கோபப்படும், நாகசாகி ஜெபிக்கும் என்று ஜப்பானில் ஒரு பேச்சே உண்டு. அதில் பாராட்டும் இருக்கிறது, குத்தலும் இருக்கிறது. நாகாய் எழுதிய 'நாகசாகியின் மணிகள்' நூலை அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் உடனே வெளியிட விடவில்லை. 1949ல் அனுமதித்தபோது, மணிலாவில் ஜப்பானியப் படைகள் நடத்திய படுகொலை பற்றிய அறிக்கையைப் பின்னிணைப்பாகச் சேர்க்க வைத்தது. உன் கணக்குக்கு என் கணக்கு நேர் என்று காட்டுகிற வேலை. ஜெபிக்கிற நாகசாகி இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது.

1981 பிப்ரவரியில் இரண்டாம் ஜான் பால் ஜப்பான் வந்தார். போர் மனிதன் செய்கிற வேலை என்று ஹிரோஷிமாவில் சொன்னார். சாதாரண வாக்கியம்தான். ஆனால் அதுவரை கடவுளின் திட்டம் என்று வாய்மூடி இருந்த உராகாமிப் பெரியவர்கள் சிலருக்கு அது பூட்டைத் திறந்தது. அதற்குப் பிறகுதான் அவர்கள் தங்கள் கதையை வெளியே சொல்ல, அணு ஆயுதத்துக்கு எதிராகப் பேச முன்வந்தார்கள். ஜெபமாலையை யாரும் கீழே வைக்கவில்லை.

■ பெட்டிச் செய்தி: வாட்ஸ்அப்பில் சுற்றும் ஹிரோஷிமா ■

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்துக்கு அருகே இருந்த இயேசு சபைக் குருக்கள் ஜெபமாலை சொன்னதால் கீறல்கூட இல்லாமல் தப்பினார்கள், கதிர்வீச்சு அவர்களைத் தொடவே இல்லை என்ற செய்தி ஒவ்வோர் ஆகஸ்டிலும் பங்குக் குழுக்களில் வலம் வரும்.

குருக்கள் உயிர் பிழைத்தது உண்மை. தொடவே இல்லை என்பது உண்மையல்ல. அவர்களில் ஒருவரான வில்ஹெல்ம் கிளைன்சோர்கே கதிர்வீச்சு நோயால் வாழ்நாள் முழுக்கப் படாதபாடு பட்டு 1977ல் இறந்தார். ஜான் ஹெர்சியின் 'ஹிரோஷிமா' நூலில் அவர் ஒரு முக்கியப் பாத்திரம். ஜப்பானியக் குடியுரிமை பெற்று, அந்த மக்களோடு மக்களாக நோயில் வாடிய ஒருவரைக் கவசம் போட்ட மனிதராகக் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

வியன்னா: கிடைத்தது, அடித்தது

ஜெபமாலை 'பலித்ததற்கு' உதாரணம் கேட்டால் கத்தோலிக்கர்கள் பெருமையோடு காட்டும் நாடு ஆஸ்திரியா. 1945ல் நான்கு வல்லரசுகள் அந்த நாட்டைப் பங்கு போட்டு உட்கார்ந்தன. கிழக்கே சோவியத் படை. 1947ல் பெத்ருஸ் பவ்லிசெக் என்ற பிரான்சிஸ்கன் துறவி ஜெபமாலை இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில், செப்டம்பரில் மரியாவின் திருப்பெயர் நாளையொட்டி வியன்னாவின் வட்டச் சாலையில் கையில் மெழுகுவர்த்தியோடு பல்லாயிரம் பேர் நடந்தார்கள். பிரதமராக இருந்த லியோபோல்ட் ஃபிகல், பின்னர் பிரதமரான யூலியஸ் ராப் இருவரும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார்கள். 1955 வாக்கில் இயக்கத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 5 லட்சம்.

1955 மே 15ல் வியன்னாவின் பெல்வெடேர் மாளிகையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு குண்டு வெடிக்காமல் சோவியத் படை வெளியேறியது. ஸ்டாலின் இறந்திருந்தார், குருஷேவுக்கு மேற்குலகோடு ஒரு சுமுகம் தேவைப்பட்டது, எந்த அணியிலும் சேர மாட்டோம் என்று ஆஸ்திரியா உறுதி கொடுத்தது, ராப் மாஸ்கோவுக்கே போய்ப் பேசினார். வரலாற்றாசிரியர்கள் இவற்றைத்தான் காரணம் என்பார்கள். ஜெபித்தவர்கள் இவற்றையெல்லாம் நகர்த்தியது எது என்பார்கள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல ஆளில்லை.

ஆனால் பக்திப் பிரசுரங்களில் வராத ஒரு சம்பவம் உண்டு. கையெழுத்துக்கு முந்தின நாள், மே 14. ஒப்பந்த முன்னுரையில், ஹிட்லரின் போரில் பங்கேற்றதற்கான பொறுப்பு ஆஸ்திரியாவுக்கும் உண்டு என்று ஒரு வரி இருந்தது. வெளியுறவு அமைச்சராக இருந்த ஃபிகல் பேசிப் பேசி அதை அடிக்க வைத்தார். மெழுகுவர்த்தி பிடித்து நடந்த அதே ஃபிகல்தான். நாட்டுக்கு விடுதலை, நாட்டின் மனச்சாட்சிக்கும் விடுமுறை. ஆஸ்திரியர்கள் ஹிட்லரின் முதல் பலிகள் என்ற கதை பாடப்புத்தகம்வரை ஏறியது. குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு என்று ஓர் ஆஸ்திரியப் பிரதமர், பிரான்ஸ் விரானிட்ஸ்கி, நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னபோது ஆண்டு 1991. அதற்குள் நாஜி முகாம்களிலிருந்து தப்பி வந்தவர்களில் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டிருந்தார்கள்.

மணிலாவிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். 1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரி மார்க்கோஸின் டாங்கிகளுக்கு முன்னால் ஜெபமாலையோடு மண்டியிட்ட கன்னியரின் படம் உலகப் புகழ் பெற்றது. டாங்கி நின்றது, மார்க்கோஸ் ஓடினார். சுருட்டிய பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பியது. சித்திரவதை செய்தவர்களில் மிகப் பலர் மேல் வழக்கே இல்லை. 2022ல் அவர் மகன் ஜனாதிபதியானார்.

மன்னார் ஆயரின் கழித்தல்

2011 ஜனவரி 8. போர் முடிந்து இருபது மாதம். அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள், நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தது. அதன் முன் போய் உட்கார்ந்தார் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப். 1992 முதல் அந்த மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர், நெடுந்தீவில் பிறந்தவர். இரண்டு குருக்களும் கூட இருந்தார்கள்.

பிரசங்கம் செய்யவில்லை. கணக்கு சொன்னார்.

2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள், கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்) பதிவுப்படி, 4,29,059 பேர். போருக்குப் பின் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள், 2009 ஜூலையில் ஐ.நா. அலுவலகம் கொடுத்த எண்ணிக்கைப்படி, 2,82,380 பேர். முதல் எண் அரசினுடையது, இரண்டாவது ஐ.நா.வினுடையது, கழித்தது மட்டும்தான் ஆயர். மீதி 1,46,679. இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெளிவுபடுத்துங்கள் என்றார். கொன்றீர்கள் என்றுகூடச் சொல்லவில்லை. எங்கே என்றுதான் கேட்டார்.

அந்த எண்ணைப் பற்றி இன்றுவரை வாதம் ஓயவில்லை. கச்சேரிப் பதிவில் கூடுதல் இருந்திருக்கலாம், சிலர் பதியாமல் வெளியேறியிருக்கலாம் என்பவர்கள் உண்டு. 2011ல் ஐ.நா. நிபுணர் குழு, இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. ஆயரின் எண் தவறு என்றால் சரியான எண்ணைச் சொல்வதுதானே மரியாதை? எண்ணுக்குப் பதில் எண் வரவில்லை. 2012ல் குற்றப் புலனாய்வுத் துறையினர் வந்து ஆயரை விசாரித்தார்கள். தென்னிலங்கையில் சிலர் அவரைப் புலி என்றார்கள். ஆயரோ ஒவ்வோர் ஆண்டும் மடுவில் சிங்கள யாத்திரிகர்களை வரவேற்றபடி, கேட்ட கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இங்கேதான் மன்னார் மற்ற ஊர்களிலிருந்து விலகுகிறது. போர்க்காலப் பங்குகளில் ஜெபமாலைக்குக் கூடுவது என்பது ஜெபம் மட்டுமல்ல. நேற்று வந்த யார் இன்று வரவில்லை என்பது அங்கேதான் முதலில் தெரியும். எந்த வீட்டில் பிள்ளையைப் பிடித்துப் போனார்கள், புலிகள் பிடித்தார்களா ராணுவம் பிடித்ததா, எந்தச் சோதனைச் சாவடியில் யார் நிறுத்தப்பட்டார் என்று பங்குத் தந்தைக்குச் செய்தி வந்து சேரும். ஞானஸ்நானப் பதிவேடும் மரணப் பதிவேடும் வைத்துப் பழகிய அமைப்பு அது. ஆட்களை எண்ணத் தெரிந்த திருச்சபை, எண்ணியதை ஆணைக்குழு முன் சொல்லவும் துணிந்தது. எல்லா ஆயர்களும் துணிந்தார்கள் என்று சொல்ல முடியாது. சிங்களத் தெற்கின் ஆயர்களும் தமிழ் வடக்கின் ஆயர்களும் ஒரே மாநாட்டில் உட்கார்ந்திருந்தாலும் இந்தக் கேள்வியில் ஒரே குரலாக இருந்ததில்லை.

2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் இறங்கியதும், உண்மையைத் தேடுவது பழைய காயத்தைக் கிளற அல்ல, நீதிக்கும் காயம் ஆறுவதற்கும் அது தேவை என்று பேசினார். மறுநாள் மடுவில் லட்சக்கணக்கானோர் நடுவே ஜெபித்தார். அந்த ஆண்டு அக்டோபரில், பொறுப்புக்கூறல் பற்றிய ஐ.நா. மனித உரிமைப் பேரவைத் தீர்மானத்துக்கு இலங்கை அரசே இணை அனுசரணை வழங்கியது. காணாமற்போனோர் அலுவலகம் சட்டமாகி, 2018ல் வேலையைத் தொடங்கியது. 2020ல் புதிய அரசு தீர்மானத்திலிருந்து விலகிக்கொண்டது.

தெருவில் உட்கார்ந்தவர்கள் விலகவில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில், கந்தசாமி கோயிலடியில், பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். வவுனியா, முல்லைத்தீவு என்று பரவியது. அவர்களில் பெரும்பாலோர் சைவர்கள். தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள். பக்கத்திலேயே கத்தோலிக்கத் தாய்மாரும் உட்கார்ந்தார்கள். அவரவர் சாமியிடம் அவரவர் முறையில் ஒரே விண்ணப்பம். பதில் தெரியாமலே அவர்களில் பலர் ஒருவர் பின் ஒருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள்.

எந்தப் பட்டியலில்?

திருச்சபைக்கே தன் குருக்கள் எங்கே என்று தெரியாது. அல்லைப்பிட்டிப் பங்குத் தந்தை ஜிம் பிறவுண், 2006 ஆகஸ்ட் 20 அன்று கடற்படைச் சோதனைச் சாவடிப் பக்கம் கடைசியாகக் காணப்பட்டார். ஒரு வாரம் முன்புதான் அவருடைய ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் ஷெல் விழுந்திருந்தது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், 2009 மே 18ல் வட்டுவாகலில், சரணடைந்த புலிகளோடு கூடப் போனார். போனவரைப் பற்றி அதற்குப் பின் தகவல் இல்லை.

இந்த இரு பெயர்களையும் ஜெபமாலையில் எங்கே சேர்ப்பது என்பது வடக்கில் நிஜமான பிரச்சினை. உயிரோடிருப்பவருக்கு ஒரு ஜெபம், மரித்தவருக்கு நித்திய இளைப்பாற்றி. இரண்டுக்கும் நடுவே கத்தோலிக்க வழிபாட்டில் மூன்றாவது பட்டியல் கிடையாது. அரசு 2016ல் ஒன்றை உண்டாக்கியது: மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழ். 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச, காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், விசாரணைகளுக்குப் பின் மரணச் சான்றிதழ் தரப்படும் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார்.

ராணுவத்தின் கையில் ஒப்படைத்த பிள்ளை எப்படி இறந்தான், எங்கே, யார் கையால் என்று சொல்லாமல் தரும் தாள் எங்களுக்கு வேண்டாம் என்று தாய்மார் மறுத்துவிட்டார்கள்.